ஏரிக்கரைத் தாவளம்

கேரள அரசு 2021ல் கேரவன் சுற்றுலாவுக்குன்னு ஒரு கொள்கையே அறிவிச்சுது. பெரிய வண்டியோட வந்து, முன்பதிவு ஏதும் இல்லாம ஏரிக்கரையில தங்கறது புது நாகரிகம்னு நினைக்கிறீங்களா? எங்க மத்தூர் பக்கம் இது பழைய சமாச்சாரம்ங்க.

மைசூர் மேட்டுக்கும் கீழ்நாட்டுக்கும் நடுவுல இருக்குற பாராமகால் வழியா பொதிமாடுகள் போய் வந்த காலம் அது. லம்பாடிகளோட கூட்டத்தில் ஆயிரக்கணக்கில் மாடுகள் இருக்கும். பெண்டு பிள்ளைகளும் கூடவே. இத்தனைக்கும் சத்திரத்தில் இடம் ஏது? அவங்க தேடினது மூணே மூணு: தண்ணி, புல், காஞ்ச மேட்டுத் தரை. மூணும் ஒண்ணா கிடைக்கிறது ஏரிக்கரையில்தான். அப்படித் தங்குற இடத்துக்குத் தாவளம்னு பேர்.

இதோட அருமை 1791 மே மாதம் கார்ன்வாலிஸுக்குப் புரிஞ்சுது. ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனவர், தீவனமில்லாம மாடுகள் செத்து விழ, பெரிய பீரங்கிகளைத் தானே அழிச்சுட்டுத் திரும்பினார். அடுத்த படையெடுப்புக்குத் தானியம் சுமந்ததில் லம்பாடி மாடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1792ல் பாராமகால் கும்பினி கைக்குப் போச்சு.

அப்புறம் ரயில், லாரி. பொதிமாடு மறைஞ்சுது. ஏரிப் புறம்போக்கும் பல ஊர்களில் சுருங்கிடுச்சு. இன்னைக்கு கிருஷ்ணகிரி - ஓசூர் சாலையில் லாரி ஓட்டுறவர் ரோட்டோரத்தில் வண்டிக்குள்ளேயே தூங்குறார். குளிக்கத் தண்ணி தேடி அலையணும். லம்பாடி மாட்டுக்குக் கிடைச்ச கரை இவருக்கு இல்லையேன்னுதான் எனக்கு உறுத்துது.

உங்க ஊர்ல தாவளம், வண்டிப்பேட்டைன்னு ஏதாவது இடம் இருந்தா பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க. அநேகமா பக்கத்துல ஒரு ஏரி இருக்கும். இல்லைன்னா, இருந்திருக்கும்.