துறைமுகம் அருகிருந்தும்: போலகம் தொழிற்பேட்டையும் ஆலை இருப்பிடக் கோட்பாடும்

ஆலையை எங்கே நிறுவுவது என்ற கேள்விக்கு ஜெர்மானியப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் வேபர் 1909இல் எடையை வைத்து விடை சொன்னார். உள்ளே போகும் மூலப்பொருள் எடை இழந்து வெளியே வருமானால் ஆலை மூலப்பொருளின் பக்கம் சாயும்; செய்முறையில் எடை கூடுமானால் சந்தையின் பக்கம் சாயும். கூலியும் ஆலைகள் ஓரிடத்தில் கூடுவதால் வரும் ஆதாயமும் இந்தச் சாய்வைச் சற்றே மாற்றும். வரிகளும் அரசுகளும் ஊருக்கு ஊர் மாறாத ஒரு சமதளத்தையே அவர் மனத்தில் கொண்டிருந்தார். காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில், திருமலைராயன்பட்டினம் கொம்யூனில் உள்ள போலகம் அத்தகைய சமதளத்தில் இல்லை. அங்கு ஆலைகளை இழுத்தவை நிலத்தடி எரிவாயுவும் மாநில எல்லைக்கோடும். துறைமுகம் பிற்பாடுதான் வந்தது. வந்த பின்னும் பேட்டையோடு ஒட்டவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் எரிவாயு. எல்லைக்கு அப்பாலுள்ள நரிமணம் வட்டாரக் கிணறுகளில் கிடைத்த வாயு காவிரிப் படுகைக்குள்ளேயே செலவானது. நாட்டின் பெரிய குழாய்வழிகளோடு இப்படுகை நெடுங்காலம் இணைக்கப்படாததால் வாயுவை வெளியே கொண்டுபோக வழியில்லை. வேண்டியவர் இங்கே வர வேண்டியிருந்தது. புதுச்சேரி மின்திறல் குழுமத்தின் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் 2000ஆம் ஆண்டிலிருந்து போலகத்தில் இயங்குவது இந்தக் காரணத்தால்தான். வேபரின் விதிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆனால் கிணற்றின் அழுத்தம் குறையக் குறைய இந்த ஈர்ப்பும் குறையும். மூலப்பொருளைத் தேடி வந்த ஆலைக்கு அது தீர்ந்த பிறகு அங்கே என்ன வேலை என்பதை 1988இல் மத்திய அரசு அறிவித்த வளர்ச்சி மையத் திட்டம் யோசித்ததாகத் தெரியவில்லை. அத்திட்டத்தின்கீழ் போலகத்தில் நிலம் எடுத்து, மனை பிரித்து, சாலை போட்டு, முதலீட்டாளருக்காகக் காத்திருந்தார்கள்.

அடுத்தது எல்லைக்கோடு. காரைக்காலைச் சுற்றி மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த நாள்முதல் வணிகருக்கு இந்த வேலிக்கு விலை உண்டு. இந்தியாவோடு இணைந்த 1954க்குப் பின்னும் அது போகவில்லை, வேறு வடிவெடுத்தது. யூனியன் பிரதேசத்தின் விற்பனை வரிச் சலுகை, பின்தங்கிய பகுதிகளுக்கான வருமான வரி விலக்கு ஆகியவற்றுக்காக வந்த ஆலைகள், சரக்கைச் சில கிலோமீட்டர் கூடுதலாகச் சுமப்பதைப் பொருட்படுத்தவில்லை. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் கணக்கு மாறிற்று. வரி நுகரும் இடத்துக்குப் போய்ச் சேர்வதால், உற்பத்தி எந்தப் பக்கம் நடந்தாலும் ஒன்றுதான். மதுவும் பெட்ரோலும் அந்த வரிக்கு வெளியே நின்றன. எல்லைக்கோட்டின் பழைய பொருளாதாரம் எப்படியிருந்தது என்று பார்க்க விரும்புபவர் தமிழ்நாட்டுப் பக்கத்து நாகூரிலிருந்து எல்லையிலுள்ள வாஞ்சூர் வரை போய், அங்குள்ள மதுக்கடை வரிசையைப் பார்த்தால் போதும்.

காரைக்கால் துறைமுகம் இயங்கத் தொடங்கியது 2009இல். மார்க் நிறுவனம் கட்டியது. திவால் நடைமுறை வழியாக 2023 ஏப்ரலில் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. 14 மீட்டர் ஆழம், ஆண்டுக்கு 21.5 மில்லியன் டன் கொள்திறன். ஆனால் இறங்குவதில் பெரும்பங்கு நிலக்கரி. அது நாகூர், திருவாரூர் வழியாகச் சரக்கு ரயிலில் உள்நாட்டு ஆலைகளுக்குப் போய்விடுகிறது. கரியைப் பொறுத்தவரை போலகம் பக்கத்தில் உள்ள ஓர் ஊர், அவ்வளவே.

அருகிலேயே இதற்கு நேர்மாறான ஒன்றும் இருக்கிறது: மேலவாஞ்சூரில் உள்ள கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலை. காஸ்டிக் சோடாவும் எத்திலீன் டைகுளோரைடும் செய்கிறார்கள். வேதிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த இடம் ஏன் என்பது விளங்கும். 99 டன் டைகுளோரைடுக்கு 28 டன் எத்திலீனும் 71 டன் குளோரினும் வேண்டும். அந்தக் குளோரினைப் பிரிக்க 117 டன் உப்பு போகும். கூடவே 80 டன் காஸ்டிக் சோடா வரும். எத்திலீன் சுழியத்துக்குக் கீழே 104 டிகிரிக்குக் குளிர்ந்தால்தான் திரவமாகும். கப்பலில் இறக்குமதியாகும் அதைக் கரையை விட்டு வெகுதூரம் கொண்டுபோவது வீண்செலவு. குளோரின் நச்சுவாயு, உண்டாகும் இடத்திலேயே செலவழிப்பது நல்லது. உப்புக்கு வேதாரண்யம் பக்கத்தில் இருக்கிறது. மின்னாற்பகுப்புக்கு வேண்டிய மின்சாரத்துக்கு எரிவாயு இருந்தது. இவை கூடிப் பிறக்கும் டைகுளோரைடோ சாதாரண வெப்பநிலையில் டேங்கர் லாரியில் ஏறக்கூடிய திரவம். சுமக்கக் கடினமானவை உள்ளே போய், சுமக்க எளிதானது வெளியே வருகிறது. வேபர் எடையைப் பார்த்தார். இங்கே இடத்தைத் தீர்மானிப்பது பொருளின் குணம்.

அந்தத் திரவம் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் பயணம் செய்து மேட்டூருக்குப் போகிறது. அங்கே அதைச் சிதைத்து வினைல் குளோரைடாக்கி, பிவிசி செய்கிறார்கள். சிதைக்கும்போது 99 டன்னில் 36.5 டன் ஹைட்ரஜன் குளோரைடாகப் பிரிகிறது. அதாவது ஏற்றிச் சென்ற எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிவிசிக்குள் போகாதது. எடைக் கணக்கின்படி சிதைக்கும் ஆலையும் கடற்கரையில்தான் இருக்க வேண்டும். ஆனால் மேட்டூர் ஆலை 1960களில் எழுந்தது. போட்ட முதல், பழகிய தொழிலாளர், கட்டிமுடித்த உலைகள் ஆகியவற்றை வரைபடத்தில் நகர்த்த முடியாது. வெற்றுத்தாளில் ஆலைகளைப் புள்ளியிடும் இருப்பிட மாதிரிகள் தடுக்கி விழும் இடம் இது.

இந்தச் சங்கிலியிலிருந்து போலகத்துக்குக் கிடைக்கும் அளவுகோல் எளிது. கடல்வழி வரும் பொருளை உள்நாட்டுக்குப் போகுமுன் நிறுத்தி உருமாற்றினால் செலவு குறையுமா? குறையும் தொழிலுக்குத்தான் துறைமுகத்தின் அண்மை பயன்படும். பாத்திரமோ துணியோ செய்து ஏற்றுமதி செய்பவருக்கு வேண்டியது கொள்கலன் கப்பல். கொள்கலன் முனையம் அமைப்பதாகப் புதிய உரிமையாளர் அறிவித்திருப்பதே, கையகப்படுத்தியபோது அப்படியொன்று இல்லை என்பதற்குச் சான்று. பக்கத்துத் துறைமுகத்தை விட்டுச் சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ பெட்டி அனுப்பும் சிறு ஆலைக்கு, அந்தத் துறைமுகம் இருந்தும் இல்லாததே. 1898இல் போடப்பட்டு 1987இல் மூடப்பட்ட பேரளம்–காரைக்கால் ரயில்பாதையை அகலப்பாதையாக மீண்டும் அமைத்ததை மாவட்டத்தின் விடிவாகப் பேசுகிறார்கள். சரக்கு மாயவரம் வழியாகவும் போகலாம் என்பது கரிக்கு நன்மை. பேட்டைக்குள் ஒரு கிளைத்தடம் திரும்பாதவரை போலகத்துக்கு அதனால் பெரிதாக எதுவும் இல்லை.

இனி வரப்போவதை எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லைக்கு அப்பால் பனங்குடியில் பழைய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்த இடத்தில் ஆண்டுக்கு 9 மில்லியன் டன் திறனில் புதிய ஆலை திட்டமிடப்பட்டு, 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அப்படியொரு ஆலை எழுந்தால் அதன் விளைபொருளை வாங்கிச் செய்யும் தொழில்கள் அருகில் இடம் தேடும். தமிழ்நாடு அரசின் 2020ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சை, திருவாரூர், நாகை நிலங்களில் புதிய எண்ணெய், எரிவாயு அகழ்வையும் சில வகைத் தொழில்களையும் தடுக்கிறது. அச்சட்டம் காரைக்காலைக் கட்டுப்படுத்தாது. ஒரே படுகை, ஒரே நிலத்தடி நீர். தடை மட்டும் வாஞ்சூர் எல்லையோடு நின்றுவிடுகிறது. வரி வேறுபாடு தந்த பழைய ஆதாயத்தின் இடத்தில் சட்ட வேறுபாடு தரும் புதிய ஆதாயம் வந்து உட்காரலாம். 2007 காவிரி இறுதித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டிஎம்சி தண்ணீரை நம்பி, கடைமடையில் நாற்று விடும் காரைக்கால் விவசாயி அந்த ஆதாயத்தின் செலவைச் சுமப்பார். திட்டமிடுவோர் பனங்குடியையும் வாஞ்சூரையும் போலகத்தையும் ஒரே தாளில் வரைய வேண்டுமென்றால் புதுச்சேரியின் தொழில் வளர்ச்சிக் கழகமான பிப்டிக்கும் தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சிக் கழகமான சிப்காட்டும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். ஆலைக்கு மனை ஒதுக்குமுன் நடக்க வேண்டியது அந்தப் பேச்சு.