பிரிட்ஸ் பொலார்ட்: திறந்து, மீண்டும் மூடப்பட்ட கதவு

குத்துச்சண்டை வீரர் முஹம்மத் அலியை நாம் எல்லோரும் அறிவோம். அவர் பிறப்பதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே அமெரிக்க மைதானங்களில் நிறவெறியைச் சந்தித்த ஒருவரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அவர்தான் பிரிட்ஸ் பொலார்ட்.

1894இல் சிக்காகோவில் பிறந்தார். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய பிரெட்ரிக் டக்ளஸின் பெயரையே பெற்றோர் அவருக்கு வைத்தனர். அவர் ஆடியது அமெரிக்க ஃபுட்போல். நாம் பார்க்கும் உதைபந்தாட்டம் அல்ல. றக்பியைப் போல முட்டி மோதி ஆடுவது. பொலார்டின் எடையோ சுமார் 75 கிலோதான். அவர் நம்பியது தன் வேகத்தை.

1916இல் பிரவுண் பல்கலைக்கழக அணிக்காக, புகழ்பெற்ற ரோஸ் போல் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவரானார். 1920இல் தொழில்முறை லீக் தொடங்கியபோது அதில் ஆடிய இரு கறுப்பின வீரர்களில் அவரும் ஒருவர். அவரது அக்ரோன் அணி அந்த வருடம் ஒரு போட்டியிலும் தோற்காமல் சம்பியனானது. 1921இல் அவர் அதே அணியின் பயிற்றுவிப்பாளராகவும் ஆனார். அந்த லீக்தான் இன்றைய என்.எஃப்.எல்.

ஆனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர் கீழே விழுந்த பின்னும் எதிரணியினர் மேலே பாய்ந்து மிதிக்கப் பார்ப்பார்கள். அதனால் விழுந்தவுடனே மல்லாந்து உருண்டு, கால்களை மேலே உதைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளப் பழகினார்.

நாம் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்ததைத்தான். 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுத்தில் எந்தத் தடையும் கிடையாது. எவரையும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். பொலார்ட் சும்மா இருக்கவில்லை. நியூயோர்க்கில் 'பிரவுண் பொம்பர்ஸ்' என்ற கறுப்பின அணியைப் பயிற்றுவித்து, திறமைக்குக் குறைவில்லை என்று காட்டினார்.

என்.எஃப்.எல். அணியொன்றுக்கு அடுத்த கறுப்பின தலைமைப் பயிற்றுவிப்பாளராக ஆர்ட் ஷெல் வந்தது 1989இல். இடையில் 68 வருடங்கள்! அதைப் பார்க்க பொலார்ட் இல்லை, 1986இலேயே காலமாகிவிட்டார். தொழில்முறை ஃபுட்போல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்ததும் 2005இல்தான்.

ஒருவர் உள்ளே போய்விட்டார் என்பதற்காகக் கதவு திறந்தே இருக்கும் என்று நாம் நம்பிவிடக் கூடாது. சத்தமில்லாமலும் அது மூடப்படலாம். உரிமையைப் பெறுவது ஒரு வேலை. அதைக் காப்பது இன்னொரு வேலை. இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்போம்.