அறைக் கணக்கும் தறிக் கணக்கும்

2017 ஜூலையில் அரசிதழில் வெளியான தமிழ்நாடு உணவுப் பாதுகாப்பு விதிகள், முன்னுரிமைக் குடும்பப் பட்டியலில் யாருக்கெல்லாம் இடமில்லை என்று வரிசைப்படுத்தின. வருமான வரி கட்டுவோர், கார் வைத்திருப்போர், ஏ.சி. உள்ளோர் ஆகியோருடன், மூன்று அறைகளோ அதற்கு மேலோ உள்ள கான்கிரீட் வீட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், ரேஷன் அரிசி எல்லோருக்கும் எப்போதும்போலக் கிடைக்கும் என்று உணவுத்துறை அமைச்சர் காமராஜ் விளக்கினார், பேச்சு அடங்கியது. ஆனால் அந்த அளவுகோல் அதோடு மறையவில்லை. அதற்கு முன்பே, 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு, கிராமப்புறத்தில் மூன்று அறைப் பக்கா வீடு உள்ள குடும்பத்தை ஏழைகள் கணக்கிலிருந்து நேரடியாக விலக்கியிருந்தது. 2016-இல் வந்த பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டமும் இரண்டு அறைகளுக்கு மேல் உள்ளவர்களை வடிகட்டியது. அறையை எண்ணி வறுமையை அளக்கும் இந்த வழக்கம், தொழிலும் குடித்தனமும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்த ஊர்களுக்குப் பொருந்தாது. கோவை வட்டாரத்து விசைத்தறி ஊரான சோமனூரின் கடந்தகாலமே அதற்குப் போதிய சாட்சி.

கொங்கு நாட்டு நெசவாளரின் குழித்தறி பெரும்பாலும் தனியாக எங்கோ ஒரு பட்டறையில் இருந்ததில்லை. வீட்டுக்குள்ளேயே குழி தோண்டித் தறி நாட்டினார்கள். ஒருவர் நெய்ய, மற்றவர்கள் ராட்டையில் தார் சுற்றினார்கள். தறி கேட்ட இடம் போக மிஞ்சியதே படுக்கவும் சமைக்கவும் ஆனது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில்லும், 1930-களில் பைக்காரா மின்சாரத்தின் துணையோடு பல நூற்பாலைகளும் கோவையில் எழுந்தபோது, நூற்பு ஆலைக்குப் போனது. நெசவின் பெரும்பகுதி வீடுகளிலேயே தங்கியது. 1954-இல், ஜவுளித் தொழிலை ஆராய்ந்த கனூங்கோ குழு கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறியாக மாற்றப் பரிந்துரைத்தது. பின்வந்த பதிற்றாண்டுகளில் சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறி பெருகியபோதும் இந்த அமைப்பு முற்றாக மாறிவிடவில்லை. வசதி உள்ளவர்கள் தனியே தறிக்குடோன் கட்டினார்கள். மற்றவர்கள் வீட்டை ஒட்டி ஒரு பத்தியை இறக்கினார்கள், அல்லது ஓர் அறையைத் தறிக்கு விட்டார்கள். நாள் முழுவதும் அதிரும் இயந்திரத்தைத் தாங்க உறுதியான தளமும் சுவரும் வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பக்கா வீடாகத் தெரிவது, பல இடங்களில் தறிக்காகக் கடன் வாங்கிக் கட்டிய கட்டடம்.

தறி வைத்திருப்பவர் முதலாளிதானே, அவருக்கு எதற்குச் சலுகை என்று கேட்கலாம். சோமனூரில் பெரும்பாலோர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையவை. நெய்து முடித்த காடாத் துணியும் அவருடையதே. தறியும் இடமும் மின்கட்டணமும் மட்டும் நெசவாளர் பொறுப்பு. அந்தக் கூலியையும் போராடித்தான் உயர்த்த வேண்டியிருக்கிறது. 2021 நவம்பரில் சோமனூர் ரகங்களுக்கு 23 சதவீத உயர்வு என்று ஒப்பந்தமானது. அது நடைமுறைக்கு வராததால் 2022 தொடக்கத்தில் தறிகளை நிறுத்தினார்கள். 2025-இல் ஒரு மாத அளவுக்கு நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சோமனூர் ரகங்களுக்கு 15 சதவீதமும் மற்றவற்றுக்கு 10 சதவீதமும் உயர்த்த உடன்பாடு வந்தது. ஒரு மாதம் தறி ஓடாவிட்டால் கூலி நின்றுபோகிறது. அறைகளின் எண்ணிக்கையோ குறைவதில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் விதிக்கு அந்த மாதத்துப் பசி தெரியாது.

பிரிட்டனிலும் இதே தவறு நடந்தது. 2013 ஏப்ரல் முதல், சமூக வீடுகளில் வாடகைக்கு இருப்போரிடம் ஒரு படுக்கையறை கூடுதலாக இருந்தால் உதவிக்குக் கணக்கிடப்படும் வாடகையில் 14 சதவீதமும், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீதமும் குறைத்தார்கள். உடற்குறையால் தனியறை தேவைப்பட்டவர்களின் வழக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. அவர்களில் சிலருக்கு நீதியும் கிடைத்தது. கூடுதல் என்று விதி சொன்ன அறை, அவர்களுக்குத் தேவையான அறையாக இருந்தது. இங்கே தறி நிற்கும் அறையும் அப்படித்தான்.

அரசின் நிதி அளவுக்கு உட்பட்டது, எங்கோ ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும் என்பது நியாயமான வாதம். வருமானத்தை மறைக்கலாம், அறையை மறைக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சரியான அளவாகிவிடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பே சமையலறையையும் சரக்கறையையும் வசிப்பறைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே பயனைப் பார்த்து அறையை எண்ணுவது நிர்வாகத்துக்குப் புதிதல்ல. தமிழ்நாடு அரசு விசைத்தறிக்குத் தனிக் கட்டணப் பிரிவு வைத்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்று 2006-இல் தொடங்கிய இலவச மின்சாரம் 2016-இல் 750 ஆகவும், 2023-இல் 1000 ஆகவும் உயர்ந்தது. வீட்டு மின்சாரம் எது, தறி மின்சாரம் எது என்று பிரித்தறிய அரசுக்குத் தெரிந்திருக்கிறது. மீட்டர் வைக்கும்போது தொழிற்கூடமாகத் தெரியும் அறையை, உதவிப் பட்டியல் எழுதும்போது வசதியின் அடையாளமாக்குவது முரண். இனி வரும் எந்தக் கணக்கெடுப்பும், எத்தனை அறை என்று கேட்ட கையோடு எந்த அறையில் என்ன நடக்கிறது என்றும் கேட்க வேண்டும். தறி ஓடும் அறையைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டே குடும்பத்தின் வசதியை அளக்க வேண்டும். சலுகையாக இதைக் கேட்கவில்லை. அளவுகோல் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.