தோல் இங்கே, தையல் எங்கே?

ஆம்பூர் என்றால் முதலில் பிரியாணி ஞாபகத்துக்கு வரும், அடுத்தது தோல். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாறு ஓடும் (ஓடிய!) வழியெல்லாம் தோல் ஊர்கள்தான். ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்த ஊர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகத் தோலைப் பதனிட்டு அனுப்பினவே தவிர, பெரிய அளவில் தைக்கவில்லை. இங்கே பதமான தோல் கப்பலேறிப் போய் வேறு எங்கோ கையுறையாகவும் கோட்டாகவும் பூட்ஸாகவும் மாறியது. பதனிடும் தொட்டி வந்து அத்தனை காலம் கழித்துத்தான் ஊசி வந்தது. ஏன்?

முதலில் தொட்டி எப்படி வந்தது என்று பார்ப்போம். கிராமத்தில் தோல் பதனிடுவது காலங்காலமாக இருந்த தொழில்தான். அதை ஏற்றுமதிச் சரக்காக ஆக்கியவர் என்று வரலாற்றில் குறிப்பிடப்படுபவர், புதுச்சேரியிலிருந்து வந்த சார்லஸ் டி சூசா என்ற யுரேஷியர். 1840-களில் அவர் சென்னையில் மேம்பட்ட பதனிடும் முறையைக் கொண்டுவந்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு மயிரை நீக்கி, உள்பக்கச் சதையைச் சீவி, ஆவாரம் பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு, எண்ணெய் தடவிக் காயவைப்பார்கள். ஆவாரஞ்செடி வட ஆற்காட்டின் வறண்ட நிலத்தில் தானாக முளைப்பது. அப்போது பாலாற்றில் தண்ணீரும் இருந்தது. 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. தோல் ஊர்களின் வாசலுக்கே ரயில் வந்துவிட்டது என்று சொல்லலாம். வேறென்ன வேண்டும்?

இப்படித் தயாரான சரக்குக்கு லண்டனில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர். ஆனால் அது முழுமையான தோல் அல்ல, பாதி வேலை முடிந்த தோல். லண்டனில் ஏலத்தில் எடுப்பவர் அதை மறுபடி பதனிட்டு, சாயம் ஏற்றி, மெருகு போட்டுப் பிறகு பயன்படுத்துவார். வணிகவியல் மாணவர்களுக்கு 'மதிப்புக் கூட்டல்' என்ற பாடம் நினைவிருக்கும். அந்தக் கூட்டல் முழுவதும் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது.

கையுறையையே எடுத்துக்கொள்வோம். பார்க்கச் சின்னப் பொருள். ஆனால் ஒரு நல்ல தோல் கையுறையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் அதிலிருக்கும் வேலை தெரியும். உள்ளங்கையும் புறங்கையும் சேர்ந்து ஒரே பெரிய துண்டு. கட்டைவிரலுக்குத் தனித் துண்டு. விரலுக்கும் விரலுக்கும் நடுவே மெல்லிய பக்கப்பட்டைகள். அவை கூடும் மூலையில் கண்ணுக்கே தெரியாத குட்டி முக்கோணங்கள். வெட்டுவதற்கு முன் தோலை ஈரமாக்கி நீளவாக்கில் இழுப்பார்கள். நீளத்தில் இருக்கும் நெகிழ்வை அப்போதே எடுத்துவிட்டால், கையுறை அகலத்தில் மட்டும் கொடுக்கும், விரல் நுனி தொங்காது. எவ்வளவு இழுக்கலாம் என்பதை வெட்டுபவரின் கைதான் முடிவு செய்யும். பிரான்சில் கிரெனோபிள் நகரத்தைச் சேர்ந்த சேவியர் ஜுவான் 1830-களில் கைகளை அளந்து, அளவு வாரியாக வகைப்படுத்தி, அச்சு வைத்து வெட்டும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் கையுறை பெரிய வியாபாரம் ஆனது. அப்போதும் தையல் மட்டும் பெரும்பாலும் வீடுகளில்தான் நடந்தது. இங்கிலாந்தில் யோவில், வூஸ்டர் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் துண்டுகளை வீட்டுக்கு வாங்கிப் போய், ஜோடிக் கணக்கில் கூலிக்குத் தைத்துக் கொடுத்தார்கள். (இந்த வீட்டுக் கூலி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.)

இதில் வேடிக்கை, கையுறைக்குத் தோதான தோல் நம்மிடமே இருந்தது. நம் ஊர்ச் செம்மறி, கம்பளி ஆடு அல்ல, மயிர் ஆடு. கம்பளி அடர்ந்த ஆட்டின் தோல் சற்றுத் தளர்வாக இருக்கும். மயிராட்டின் தோல் மெல்லியதாக, அதே சமயம் நெருக்கமான இழையோடு இருக்கும். கையுறைக்கும் மேலாடைக்கும் அதுதான் வேண்டும். ஆடு இங்கே, ஆவாரம் இங்கே, கூலியும் இங்கே மலிவு. ஆனாலும் தையல் அங்கே.

ஒரு காரணம் பணம். பதனிடும் முதலாளிகளில் பெரும்பாலோர் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதிகளின் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். ஜாதி இந்துக்கள் தீட்டு என்று ஒதுங்கிய தொழிலை அவர்கள் எடுத்து வளர்த்தார்கள். அந்தக் காசில் பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்தன. 1919-ல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரிக்குப் பின்னாலும் இந்த ஊர் வணிகர்களின் கை உண்டு. ஆனால் அவர்களின் முதல், பெரியமேட்டுத் தரகர்களிடமும் கார்டன் உட்ராஃப் போன்ற வெள்ளைக்கார ஏற்றுமதி நிறுவனங்களிடமும் வாங்கிய முன்பணத்தில் ஓடியது. முன்பணம் கொடுத்தவன் கேட்டது பாதித் தோல். அதைக் கொடுத்தால் பணம் சீக்கிரம் திரும்பும். முழுதாக முடித்து, சாயம் போட்டு, தைத்து, ஐரோப்பிய ஃபேஷனைப் பார்த்து விற்பது என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குத் தெம்பு இல்லை.

இன்னொரு காரணம் பட்டாளம். அந்தக் காலத்தில் இந்தியாவுக்குள் தைத்த தோலைப் பெருமளவில் வாங்கியது ராணுவம்தான். குதிரைச் சேணம், பெல்ட், பூட்ஸ் எல்லாம் கான்பூரில் தைக்கப்பட்டன. 1860-களிலேயே அங்கே அரசாங்கச் சேணத் தொழிற்சாலை உருவானது. பிறகு கூப்பர் ஆலன் கம்பெனி வந்தது. முதல் உலகப் போரில் சென்னை மாகாணத்தின் பதனிட்ட மாட்டுத்தோலை அரசாங்கமே மொத்தமாக எடுத்து, பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்காகக் கப்பலில் ஏற்றியது. அப்போதும் தோல்தான் போனது, பூட்ஸ் அல்ல.

மூன்றாவது காரணம் சற்றுக் கசப்பானது. தோல் தைக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். அவர்களைத் தொழிலாளி என்றோ கைவினைஞர் என்றோ யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

நெமிலிப் பக்கம் போய்ப் பார்ப்போம். பாலா பீடத்தால் பலருக்குத் தெரிந்த ஊர். இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் ஒரு தாலுகா. தொட்டிகளின் ஊர் அல்ல, ஏரியும் கிணறும் நம்பிய நெல் பூமி. வட ஆற்காட்டு விவசாயத்தில் கிணற்றுத் தண்ணீர் என்றால் கவலை. இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து பெரிய தோல் சால் மேலே வரும். சாலின் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் தொங்கும். ஏறும்போது தனிக் கயிறு ஒன்று அந்தக் குழாயின் வாயை மேல்நோக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் வாய் தொட்டிப் பக்கம் சாய்ந்து தண்ணீர் தானாகக் கொட்டும். கவிழ்த்துவிட ஆள் தேவையில்லை. எளிமையான, புத்திசாலித்தனமான ஏற்பாடு.

அந்தச் சாலைத் தைப்பது லேசான காரியம் அல்ல. பல குடம் தண்ணீரின் எடை தாங்க வேண்டும், நாள் முழுதும் நனைய வேண்டும், கிணற்றுச் சுவரில் உராய வேண்டும். குத்தூசியால் துளை போட்டு, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் வாரை இழுத்து இறுக்கிப் போடும் தையல் அதற்குத்தான். இழுத்த வார் ஒரு இடத்தில் அறுந்தாலும் அடுத்த தையல் பிடித்துக்கொள்ளும். மெஷின் தையலில் நூல் அறுந்தால் அக்கம்பக்கத் தையலும் தளர ஆரம்பிக்கும், கவனித்திருப்பீர்கள். பட்டையில் பதனிட்ட தோல் தொடர்ந்து நனைந்தால் அழுகும் என்பதால் பழுது பார்க்கும் வேலை ஓயவே ஓயாது. இதைச் செய்தவர்கள் ஊரின் தோல் தொழிலாளர்கள், அதாவது அருந்ததியர் போன்ற தலித் சாதியினர். கூலி பெரும்பாலும் காசாக அல்ல, அறுவடையில் களத்து மேட்டில் அளக்கும் தானமாக, மன்னிக்கவும், தானியமாக. அப்படித்தான் அது தானம் மாதிரியே பார்க்கப்பட்டது என்பதுதான் உண்மை. அவர்கள் தைத்த சால் இறைத்த தண்ணீர் வயலுக்குப் போகும், ஆனால் அந்தக் கிணற்றில் அவர்கள் இறங்கக் கூடாது.

இந்தச் சால் ஒரு வெள்ளைக்காரரின் கண்ணில் பட்டது. ஆல்ஃபிரட் சாட்டர்டன், சென்னையில் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே தொடங்கிவைத்தவரும் அவரே. அப்போது அமெரிக்காவில் குரோமியம் உப்பில் தோல் பதனிடும் புது முறை பரவி, பிலடெல்பியாக்காரர்கள் பச்சை ஆட்டுத்தோலையே கேட்டு வாங்க, சென்னைத் தொட்டிகள் ஆட்டம் கண்டிருந்தன. சாட்டர்டன் 1903-ல் சென்னை கலைப் பள்ளியில் குரோம் சோதனையை ஆரம்பித்தார். அவர் குறி வைத்த பொருள்களில் முக்கியமானது கவலைச் சால்! குரோம் தோல் தண்ணீரில் சீக்கிரம் அழுகாது, சால் நீண்ட நாள் உழைக்கும் என்பது கணக்கு. செருப்பும் செய்து பார்த்தார்கள். அரசாங்கமே தொழில் நடத்துவது தனியார் வியாபாரத்தில் தலையிடுவது என்று சென்னையின் ஐரோப்பிய வணிகர்கள் கூச்சல் போட்டார்கள். லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு 1910-ல் அவர்கள் பக்கம் சாய்ந்தார். குரோம் தொழிற்சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. அதே காலத்தில் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் பக்கம் நடத்திய குரோம் லெதர் கம்பெனி மட்டும் நிலைத்து, ஒரு ஊருக்கே பெயர் கொடுத்தது. குரோம்பேட்டையில் ரயில் ஏறுபவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ!

சாட்டர்டன் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. சாலைப் பலப்படுத்த முயன்ற அதே மனிதர்தான், எண்ணெய் எஞ்சின் பம்பை விவசாயிகளுக்கு ஓட்டிக் காட்டினார். ஒரு கையால் சாலுக்கு ஆயுள் கூட்டினார், மறு கையால் அதற்கு எமனைக் கொண்டுவந்தார். இடையில் இரும்புத் தகட்டுச் சால் வந்து, தோலுக்கு அடிக் குழாய் மட்டும் மிஞ்சியது. சுதந்திரத்துக்குப் பிறகு கிராமத்துக்கு மின்சாரம் வந்து பம்புசெட் பெருகியதும் அதுவும் போனது. களத்து மேட்டுத் தானியமும் அத்தோடு நின்றது. தைக்கத் தெரிந்த கைகளில் பல செருப்புக்கும், பஸ் ஸ்டாண்டு ஓரச் சாக்குக்கும், கூலி வேலைக்கும் போயின.

கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான் தோல் ஊர்களுக்கு ஊசி வந்தது. சென்னை அடையாறில் 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா, தோலை அப்படியே அனுப்பாமல் பொருளாக்கி அனுப்ப வேண்டும் என்று விடாமல் சொல்லி வந்தார். சீதாராமையா கமிட்டியின் அறிக்கைக்குப் பிறகு 1973-ல் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பாதித் தோலுக்கு அளவு வைத்து, முடித்த தோலுக்கும் தைத்த பொருளுக்கும் சலுகை கொடுத்தது. அதன் பிறகு ஆம்பூரில் ஷூ, ராணிப்பேட்டையிலும் சென்னையிலும் மேலாடையும் கையுறையும் என்று தையல் கூடங்கள் பெருகின.

தோல் தையலில் துணித் தையலின் சௌகரியம் கிடையாது. குண்டூசி குத்தி வைக்க முடியாது, குத்திய இடம் துளையாகவே நிற்கும். அதனால் கிளிப்பு போட்டும் பசை தடவியும் பிடிக்கிறார்கள். தப்பாகத் தைத்துவிட்டால் பிரிக்கலாம், ஆனால் தப்பு தெரிந்துகொண்டே இருக்கும். ஒரு கோட்டுக்குப் பல ஆடுகளின் தோல் சேரும், நிறமும் மணியும் பொருந்த வேண்டும். கிழிந்த தோல் கோட்டைச் சரிசெய்வதும் அப்படித்தான். மெஷினில் வைத்தால் பழைய துளைக்குப் பக்கத்தில் புதுத் துளை விழுந்து, தபால்தலை ஓரம் மாதிரி அங்கேயே கிழியும். பழைய துளை வழியாகவே கையால் ஊசியை விட வேண்டும்.

(தொட்டிகளால் பாலாறு பட்ட பாடு தனியாக எழுத வேண்டிய விஷயம். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து 10 பேர் இறந்தார்கள்.)

கூடங்களுக்கு வந்த தையல் எல்லாம் மெஷினில் அடங்கவில்லை. மொக்காசின் வகை ஷூவின் மேல் பக்கம் சுருக்கம் சுருக்கமாக ஒரு தையல் ஓடும், பார்த்திருப்பீர்கள். அந்தச் சுருக்கத்தைச் சீராகக் கொடுப்பது கைதான். ஆம்பூரைச் சுற்றிய வீடுகளுக்கு மேல்தோல் மூட்டையாக வரும். பெண்கள் சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவே தைத்து, ஜோடிக் கணக்கில் கூலி வாங்குவார்கள். நூல் இழுத்து இழுத்து விரல் வெட்டுப்படும். யோவில் கிராமத்தில் நடந்த அதே ஏற்பாடு, நூறு வருடம் கழித்து, பாலாற்றங்கரையில்! 2016-ல் பிரிட்டனின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட், லேபர் பிஹைண்ட் த லேபல் அமைப்புகளும் பெங்களூருவின் சிவிடெப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்தப் பெண்களுக்கு ஒரு ஜோடிக்குக் கிடைப்பது 10 பென்ஸுக்கும் குறைவு என்றது. அந்த ஷூ அங்கே கடையில் 40 முதல் 100 பவுண்டு. கூலிச் சீட்டு இல்லை, பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை. வீட்டு வேலைத் தொழிலாளருக்கான சர்வதேச உடன்படிக்கை, 177-ம் எண், 1996-லேயே ஜெனீவாவில் நிறைவேறியது. இந்தியா அதை ஏற்று ஒப்பமிடவில்லை.

நெமிலிப் பக்கம் இப்போது வேறு செய்தி. அதே தாலுகாவின் பனப்பாக்கம் சிப்காட்டில் தைவானின் ஹாங் ஃபூ குழுமத்தின் ஷூ தொழிற்சாலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 1,500 கோடி ரூபாய் முதலீடு, 25,000 பேருக்கு வேலை, அதில் பெரும்பாலோர் பெண்கள் என்பது அறிவிப்பு. தோல் மாவட்டத்துக்கு வரும் இந்தத் தொழிற்சாலையில் செய்யத் திட்டமிட்டிருப்பது தோல் இல்லாத ஷூக்கள்.