இரட்டைச் சேர்க்கை (ஐக்கிய அமெரிக்கா)

இரட்டைச் சேர்க்கை என்பது ஐக்கிய அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர், பள்ளியை விட்டு விலகாமலேயே ஒரு கல்லூரியிலும் பதிவு செய்துகொண்டு கல்லூரிப் பாடங்களைப் பயிலும் முறையாகும். தேர்ச்சி பெற்ற பாடம் பெரும்பாலும் இரு கணக்கிலும் சேரும். பள்ளிப் படிப்பை முடிப்பதற்கான தேவையும் நிறைவேறும். கிரெடிட் எனப்படும் கல்லூரிப் பாட அலகுகளும் கிடைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்களுக்குப் பயில்வது இதிலிருந்து வேறானது.

அந்நாட்டில் 9 முதல் 12 வரையான வகுப்புகள் உயர்நிலைப் பள்ளி எனப்படுகின்றன. இரட்டைச் சேர்க்கை பெறுவோரில் பெரும்பாலோர் இறுதி இரண்டு வகுப்பு மாணவர்கள். 2022-23 கல்வியாண்டில் ஏறத்தாழ 25 இலட்சம் மாணவர்கள் இவ்வாறு பயின்றனர். சமுதாயக் கல்லூரிகளின் மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பள்ளி மாணவர் என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

வரலாறு

நியூயார்க் மாநிலத்திலுள்ள சிரக்கியூஸ் பல்கலைக்கழகம் 1972 ஆம் ஆண்டில் தன் பாடங்களைப் பள்ளி வகுப்பறைகளிலேயே நடத்தும் திட்டத்தைத் தொடங்கியது. 1974 இல் நியூயார்க் நகரின் லாகார்டியா சமுதாயக் கல்லூரியில் மிடில் காலேஜ் உயர்நிலைப் பள்ளி தோன்றியது. இது முதன்மை மாணவர்களுக்காக அமைந்ததன்று. படிப்பை இடையில் நிறுத்திவிடக்கூடிய நிலையில் இருந்தவர்களைக் கல்லூரிச் சூழலில் வைத்துப் படிக்கவைப்பதே அதன் நோக்கம். இம்முறை அறிவுக்கூர்மை மிக்கவர்களுக்கு மட்டுமே உரியது என்னும் பரவலான எண்ணம் வரலாற்றோடு பொருந்தவில்லை.

1985 இல் மினசோட்டா மாநிலம், 11, 12 ஆம் வகுப்பு மாணவர்கள் அரசுச் செலவில் கல்லூரிப் பாடங்களைப் பயில வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. வாசிங்டன் மாநிலத்தின் ரன்னிங் ஸ்டார்ட் திட்டத்திற்கான சட்டம் 1990 இல் வந்தது. மாணவர் பயிலக்கூடிய இரட்டைச் சேர்க்கைப் பாடங்களின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை டெக்சாஸ் 2015 இல் நீக்கியது.

நடைபெறும் விதம்

மாணவர் கல்லூரி வளாகத்திற்கே சென்று பிற மாணவர்களுடன் அமர்ந்து பயிலலாம், இணையவழியும் பயிலலாம். கல்லூரியின் ஒப்புதல் பெற்ற பள்ளி ஆசிரியர், கல்லூரிப் பாடத்திட்டத்தைப் பள்ளியிலேயே நடத்துவதும் உண்டு. போக்குவரத்து வசதி குறைந்த சிற்றூர்களில் இதுவே நடைமுறைக்கு ஏற்றது.

ஓர் அரையாண்டுப் பாடத்திற்குப் பொதுவாக 3 கிரெடிட்டுகள். இளநிலைப் பட்டத்திற்கு வழக்கமாக 120 கிரெடிட்டுகளும், சமுதாயக் கல்லூரிகள் வழங்கும் ஈராண்டு இணைப்பட்டத்திற்கு 60 கிரெடிட்டுகளும் தேவை. எனவே 20 பாடங்களை முடித்தவர், அவை உரிய பாடங்களாக இருப்பின், பள்ளிச் சான்றிதழுடன் இணைப்பட்டத்தையும் பெறலாம். கட்டணம் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். அரசோ பள்ளி மாவட்டமோ முழுவதையும் ஏற்கும் இடங்கள் உள்ளன. பெற்றோர் ஒரு பகுதியைச் செலுத்தும் இடங்களும் உள்ளன. வறிய குடும்பத்து மாணவர்களுக்குக் கட்டணமின்றி இவ்வாய்ப்பை அளிக்கும் திட்டத்தை டெக்சாஸ் 2023 இல் கொண்டுவந்தது.

அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்டுடன் ஒப்பீடு

இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் உண்டு. காலேஜ் போர்டு 1955 முதல் நடத்திவரும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் திட்டத்தில் மாணவர் கல்லூரியில் சேர்வதில்லை. பள்ளியில் பயின்று, மே மாதத்தில் நாடு தழுவிய தேர்வு எழுதுகிறார். மதிப்பீடு 1 முதல் 5 வரை அமையும். எந்த மதிப்பீட்டிற்குக் கிரெடிட் அளிப்பது என்பதைப் பின்னர் அவர் சேரும் கல்லூரி முடிவு செய்யும். அத்தேர்வில் குறைந்த மதிப்பீடு பெற்றவர் அதைக் கல்லூரிக்கு அனுப்பாமல் விட்டுவிட முடியும். இரட்டைச் சேர்க்கையில் இவ்வசதி இல்லை.

நிலைத்திருக்கும் மதிப்பெண்

மாணவரும் பெற்றோரும் சேருமுன் அறிந்திருக்க வேண்டிய முதன்மைச் செய்தி இதுவே. பதினாறு வயதில் பெற்ற மதிப்பெண் கல்லூரியின் நிலையான பதிவேட்டில் ஏறிவிடுகிறது. தோல்வியுற்ற பாடங்களும் குறித்த நாளுக்குப் பின் விலகிய பாடங்களும் அதில் இடம்பெறும். பிற்காலத்தில் அரசு நிதியுதவிக்குரிய கல்வி முன்னேற்றத்தைக் கணக்கிடும்போது இவை குறுக்கிடலாம். மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப முறையும் சட்டக் கல்லூரிகளுக்கான சேர்க்கை அமைப்பும் பள்ளிப் பருவத்தில் பயின்ற கல்லூரிப் பாடங்களையும் சராசரியில் சேர்த்தே கணக்கிடுகின்றன.

கிரெடிட் மாற்றமும் எல்லா இடங்களிலும் எளிதன்று. மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்கள் தம் மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிப் பாடங்களைப் பொதுவாக ஏற்கின்றன. தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் வெளிமாநிலத்தவையும் மறுக்கலாம், அல்லது விருப்பப்பாடமாக மட்டும் ஏற்கலாம். பின்னதில் கிரெடிட் எண்ணிக்கை கூடுமேயன்றிப் படிப்புக்காலம் குறையாது. கணக்கும் இயற்பியலும் படிப்படியாகத் தொடரும் பொறியியல் போன்ற துறைகளில் இது உண்மையான சிக்கல். முந்தைய பாடம் ஏற்கப்படாவிடில் தொடக்கத்திலிருந்தே வரவேண்டும். ஏற்கப்பட்டும் அடிப்படை உறுதியாக இல்லாவிடில் அடுத்த பாடத்தில் தடுமாற நேரும். சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் ஏற்புப் பட்டியலை முன்னரே பார்ப்பது நலம்.

ஆசிரியர் தகுதி

பாடத்தைக் கற்பிக்கும் பள்ளி ஆசிரியர் கல்லூரி ஆசிரியருக்குரிய தகுதி பெற்றிருக்க வேண்டுமா என்பது நீண்ட விவாதம். மத்திய மேற்குப் பகுதிக் கல்லூரிகள் பலவற்றிற்குத் தரச்சான்று அளிக்கும் ஹையர் லேர்னிங் கமிஷன், அத்துறையில் முதுகலைப் பட்டம், அல்லது வேறு துறை முதுகலைப் பட்டத்துடன் அத்துறையில் 18 முதுநிலைக் கிரெடிட்டுகள் என்னும் அளவுகோலை 2015 இல் வலியுறுத்தியது. இத்தகுதி இல்லாத ஆசிரியர்கள் சிற்றூர்ப் பள்ளிகளில் மிகுதி. பள்ளிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. இணங்குவதற்கான கால எல்லை பின்னர் நீட்டிக்கப்பட்டது.