ஓரணாவை விட்ட கணக்கு: டெம்பிள் கூலியும் 1627 கலோரியும்

1876–78இன் தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி இன்று யார் எழுதினாலும் 1627 என்ற எண் வந்து நிற்கிறது. வரலாற்றெழுத்தாளர் மைக் டேவிஸின் ‘லேட் விக்டோரியன் ஹோலோகாஸ்ட்ஸ்’ நூலில் உள்ள அட்டவணையிலிருந்து பரவிய எண் அது. சென்னை மாகாணத்தில் நிவாரண வேலை செய்தவருக்கு, பஞ்சத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் விதித்த படி 1627 கலோரி. 1944இல் புகன்வால்ட் வதைமுகாமில் கொடுத்தது 1750. டெம்பிளுக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று. அந்த எண் எதை விட்டுவிட்டது என்பதே கேள்வி.

1877 ஜனவரியில் டெம்பிள் வகுத்த கூலி, ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். ராத்தல் என்பது 453.6 கிராம். 1627ஐ அதனால் வகுத்தால் கிராமுக்கு 3.59 கலோரி வருகிறது. இது அரிசிக்கு ஒத்த அளவு. அப்படியானால் கணக்கில் ஏறியது தானியம் மட்டும்தான், அணாவைக் காணோம். அரிசி என்பதும் ஊகமே. பல்லாரி, சேலம் பக்கத்துக் கூலியாளின் வழக்கமான உணவு சோளமும் கேழ்வரகும். குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வாளர் ஏக்ராய்ட் 1937இல் வெளியிட்ட உணவு அட்டவணையின் வழியில் பின்னர் கோபாலன் குழுவினர் தந்த அளவுகளை வைத்தால் ராத்தல் அரிசி 1565 கலோரி, கேழ்வரகு 1488. அணாவோ உப்பு, மிளகாய், விறகு என்று கரைந்திருக்கும். கொஞ்சம் தானியமாகவும் மாறியிருக்கலாம். பஞ்ச காலத்துச் சந்தை விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கியது. ஆகவே உண்மை அளவு 1627க்கு மேலா கீழா என்று அறுதியிட முடியாது. நான்கு இலக்கத் துல்லியத்தை இந்தச் சான்று தாங்காது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. டெம்பிளை எதிர்த்த மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கலோரியில் வாதாடவில்லை. உணவை எரித்து வெப்பம் அளந்த வேதியியலாளர் பிராங்க்லாந்தின் முடிவுகள் 1866லேயே அச்சேறியவைதான். ஆனால் அமெரிக்க வேதியியலாளர் அட்வாட்டர் கலோரிக் கணக்கைப் பத்திரிகை வாசகரிடம் கொண்டுபோனது 1887இல். கார்னிஷ் கேட்டது குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியம், அதோடு பருப்பும் காய்கறியும். மார்ச்சில் சென்னை அரசு பாதி இறங்கிவந்தது: ஒன்றேகால் ராத்தல் தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு.

அந்த ஒன்றரை அவுன்ஸைக் கொஞ்சம் பார்ப்போம். 43 கிராம் துவரம்பருப்பில் கிடைப்பது 144 கலோரி. டேவிஸ் அட்டவணையின் கண்ணுக்கு அது சில்லறை. புரதத்தில் பார்த்தால் கதை வேறு. ஒரு ராத்தல் அரிசியில் 31 கிராம் புரதம். மார்ச் படியில் 48. கலோரி மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, புரதமோ பாதிக்கும் மேல். பருப்பில்லாத சோறு உடம்பைச் சீக்கிரம் உருக்கும் என்று டேவிஸும் உரைப்பகுதியில் சொல்கிறார். ஆனால் மேற்கோளாக ஊர் சுற்றுவது அட்டவணைதான். அதில் கார்னிஷின் வாதத்துக்கு இடமே இல்லை.

கூடிய பருப்பு எத்தனை உயிரைக் காத்தது என்பதைத் தனியே பிரித்தெடுப்பது கடினம். அதே மாதங்களில் காலராவும் பேதியும் முகாம்களை வாரிக்கொண்டிருந்தன. சென்னை முகாமில் இறந்தவர்களை அறுத்து, உடலையும் உறுப்புகளையும் எடைபோட்ட அலெக்சாண்டர் போர்ட்டரின் பதிவுகள் 1889இல் நூலாக வந்தன. பட்டினி உடலை என்ன செய்தது என்று கேட்பவர் 1627ஐ விட்டு அங்கிருந்து தொடங்கலாம்.