செஞ்சியாற்றின் முகத்தில் யவனர் தேறல்

செஞ்சி என்றவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது, 1714-இல் போர்க்களத்தில் மாண்ட தேசிங்குராசனின் கதையே. வரலாற்றில் ஈடுபாடு உடையோர் 1750-இல் புஸ்ஸியின் தலைமையில் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையையும் நினைவுகூர்வர். பிரெஞ்சுக்காரர் என்றதும் திராட்சை மதுவும் உடன் நினைவுக்கு வரும். இன்ன மதுவுக்கு இன்ன உணவு எனத் தேர்ந்து உண்ணும் நயம் அவர்களோடுதான் இப்பகுதிக்கு வந்தது போலும் என எண்ணவும் தோன்றும். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதைச் செஞ்சியாற்றின் வழியே சென்று காண்போம்.

சங்கராபரணி என்றும் பெயர் பெற்ற இவ்வாறு செஞ்சி வட்டத்து மலைகளில் பிறந்து கிழக்கே ஓடுகிறது. அதன் வடகிளை புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டை ஒட்டிக் கடலை அடைகிறது. அங்கு 1945-இல் மார்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழாய்வு நடத்தினர். கிடைத்த பொருள்களுள் ஆம்போரா எனப்படும் இருகாதுச் சாடிகள் குறிப்பிடத்தக்கவை. அவற்றுட் பல மது ஏற்றி வந்தவை. சில எண்ணெயும் மீன்சாறும் கொணர்ந்தவை. மது கசியாதிருக்கச் சாடியின் உட்புறம் பிசின் பூசுவது அக்கால வழக்கம். கிரேக்கத்தின் கோஸ் தீவு வகைச் சாடிகளும் இங்குக் கிடைத்துள்ளன. கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பர். அதன் செய்முறையை உரோம எழுத்தாளர் கேட்டோ எழுதி வைத்துள்ளார். ஆக, புஸ்ஸிக்கு ஏறத்தாழ 1700 ஆண்டுகள் முன்னரே செஞ்சியாற்றின் முகத்தில் அயல்நாட்டு மது இறங்கியது.

இம்மதுவைத் தமிழர் எவ்வாறு அருந்தினர்? புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரனார், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் தந்த குளிர்ந்த நறுமணத் தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாளும் உண்டு மகிழ்க என்பது வாழ்த்து. கலமும் மணமும் ஏந்தும் கையும் பாட்டில் உண்டு. உடன் உண்ணும் உணவு மட்டும் இல்லை. யவனர் தேறல் அரசனின் பெருமிதப் பொருளாக நின்றதேயன்றி அடுக்களையோடு உறவு கொள்ளவில்லை.

நம் நாட்டுத் தேறலின் நிலை வேறு. செஞ்சிக்குக் கிழக்கே, இன்றைய திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலை ஆண்டவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் பாணர்க்கு வழி கூறுகிறார். மரக்காணம் என அறிஞர் பலர் கருதும் எயிற்பட்டினத்தில், அலை ஒதுக்கிய மணமரங்கள் ஒட்டகங்கள் உறங்குவன போலக் கிடக்கும். அவ்விறகில் தீ மூட்டி, நுளைமகள் அரித்தெடுத்த பழந்தேறலை, சுட்ட உலர்ந்த குழல்மீனோடு பாணர் பெறுவர். நல்லியக்கோடன் அரண்மனையிலோ, சினந்த பாம்பு போன்ற கடுந்தேறலை முதலில் தந்து, வீமனின் சமையல் நூல் முறைப்படி அட்ட உணவைப் பின்னர் அரசனே படைக்கிறான்.

செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலைக்கும் அப்பால் உள்ள செங்கத்து நன்னனைப் பாடியது மலைபடுகடாம். அங்கு மூங்கிற்குழாயில் முற்றிய தேன்தேறலும் நெல்லின் நறவும் உண்டு. உடும்பிறைச்சியும், முள்ளம்பன்றியின் தசையும், புளியும் மோரும் சேர்த்து மூங்கிலரிசியில் அட்ட சோறும் அவற்றுக்குத் துணை.

இன்றைய மதுச்சுவைஞர் கூறும் விதி ஒன்றை இங்கு ஒப்பிடலாம். செந்திராட்சை மதுவின் துவர்ப்பு, பழத்தின் தோலிலும் விதையிலும் இருந்து வருவது. அது புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. எனவே கொழுத்த இறைச்சியோடு உண்கையில் துவர்ப்பு மென்மையாகிறது. மீனோடு சேர்ந்தாலோ பெரும்பாலும் உலோகச் சுவை எழும். ஓரிடத்து மதுவுக்கு அவ்விடத்து உணவே தக்கது என்பதும் அவர்களது கொள்கை. நெய்தலில் உலர்மீன், குறிஞ்சியில் மலையிறைச்சி என நம் புலவர் வகுத்ததும் அதுவே. நாம் அதற்குத் திணை என்று பெயரிட்டோம்.

குடியைப் போற்றுவது நம் நோக்கமன்று. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும் நம்மவரே. ஆயினும் வகுப்பறைகளில் இவ்வடிகளைக் கூச்சத்தோடு விரைந்து கடந்து செல்கிறோம். அவ்வாறு கடக்கையில் கள் மட்டும் மறைவதில்லை. அதை அரித்த நுளைமகளும், மீன் சுட்ட பரதவனும், மூங்கிலரிசி அட்ட மலைமகளும் மறைகின்றனர். அவர்களது சுவையறிவை மறந்தபின் அதனைப் பிறநாட்டார் கொடை என்கிறோம்.

2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றபின் செஞ்சிக் கோட்டை பலரையும் ஈர்க்கின்றது. அங்குச் செல்வோர் மலைக்கோட்டையோடு நில்லாது, கிழக்கே நல்லியக்கோடன் நாட்டையும் மேற்கே நன்னன் நாட்டையும் பாட்டின் துணையோடு காண்பாராக. படைகள் மோதிய இந்நிலத்தில், வழிப்போக்கனான பாணனுக்கும் தேறலும் அதற்கேற்ற உணவும் காத்திருந்தன என்பதும் செஞ்சியின் வரலாறே.